மெமரி பத்தல

அருப்புக்கோட்டைப் பக்கம் மெமரி என்கிற ஒரு சொல்லுக்கு நாலு பொருள். செல்போனுக்குள் செருகுகிற கார்டும் மெமரி. கம்ப்யூட்டர் திணறாமல் வேலை செய்ய உள்ளே பொருத்துகிற சில்லும் மெமரி. படம், பாட்டு, வேலை எல்லாவற்றையும் போட்டு வைக்கிற இடமும் மெமரி. படித்ததைப் பரீட்சையில் மறந்துவிட்டு வருகிற பிள்ளையைக்கூட மெமரி பத்தவில்லை என்றுதான் வைவார்கள். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஊரை ஏய்க்கத் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். பஜாரில் கண்ணாடிக் கதவு போட்ட லேப்டாப் கடை வைத்திருந்த இன்பராஜ்தான் அவன். பெரிய மனுஷனை அவன் இவன் என்கிறேனே என்று பார்க்காதீர்கள். முழுதும் கேட்டுவிட்டு, மரியாதை கொடுக்க வேண்டுமென்று தோன்றினால் நீங்கள் கொடுத்துக்கொள்ளுங்கள்.

அவனிடம் ஏமாந்தவள் முருகலட்சுமி. நரிக்குடி ரோட்டில் மழையை நம்பின மானாவாரிக் காட்டில் கொத்தமல்லியும் மிளகாயும் போட்டு வந்த சோலையின் ஒரே மகள். அருப்புக்கோட்டையில் ராஜகுருவின் பிளெக்ஸ் பிரஸ்ஸில் ஆறு வருடம் பேனர் டிசைன் போட்டவள். பேனர் வேலை என்றால் தலை ஒட்டுகிற வேலை. கல்யாணமோ காதுகுத்தோ, சொந்தக்காரர் அத்தனை பேரின் போட்டோவிலிருந்தும் தலையை வெட்டி எடுத்து, யாருக்கு யார் பக்கத்தில் என்று பார்த்து ஒட்ட வேண்டும். தாய்மாமன் தலை பெரிசாக, மேலே வர வேண்டும். ஒரு தலை விட்டுப்போனால் பத்து வருடத்துக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோகும். சாவு வீட்டுக்கும் அப்படித்தான், ஊர் முக்கில் கண்ணீர் அஞ்சலி பேனர் ஏறாமல் பாடையைத் தூக்க மாட்டார்கள். முருகலட்சுமி ஒட்டின தலை நம்மோடு பேசுகிற மாதிரி இருக்கும் என்று ஊரில் பெயர்.

திருச்சுழியில் சொந்தமாக ஒரு கடை போட வேண்டும் என்ற ஆசையில், மூன்று வருடத்துக்கு முன் ஒரு தை மாதம் அப்பாவையும் கூட்டிக்கொண்டு இன்பராஜ் கடைக்குப் போனாள். அவன் ஒரு வெள்ளி நிற லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தான்.

"இதுல மெமரி எம்புட்டு இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"ஒரு டிபிம்மா."

சோலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்குத் தெரிந்த டிபி, ரத்தம் ரத்தமாக இருமுகிற வியாதி. அவருடைய தம்பி அதில்தான் போய்ச் சேர்ந்தார்.

"டிபியா? அது நோவுல்ல," என்றார்.

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இன்பராஜும் சிரித்தான். "பெரியவரே, இது இடம். ஒரு டிபின்னா அம்புட்டு இடம். உங்க ஊரையே உள்ள போட்டு மூடலாம்."

"அதெல்லாம் எனக்கு வெவரம் தெரியாதுங்க. எம் புள்ள வேலைக்குப் பத்துமா, அத மட்டும் சொல்லுங்க."

"பத்தி மிஞ்சும்," என்றான் இன்பராஜ்.

சோலை அந்த அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். திருச்சுழி வரைக்கும் யாரையும் தொட விடவில்லை.

பெட்டிக்குள் நிஜமாக இருந்ததை நான் சொல்கிறேன். வேலை செய்கிற மெமரி நாலு ஜிபி. போட்டு வைக்கிற இடம் அறுபத்துநாலு ஜிபி, அதிலும் பாதியை அதன் சொந்தச் சாமான்களே அடைத்துக்கொண்டிருந்தன. அவன் சொன்ன ஒரு டிபி, அதாவது ஆயிரம் ஜிபி, அந்தப் பெட்டியிலேயே இல்லை. கண்காணாத ஊரில் எவனோ வைத்திருக்கிற கம்ப்யூட்டரில், இன்டர்நெட் வழியாகப் போட்டு வைத்துக்கொள்ள, ஒரே ஒரு வருடத்துக்கு இனாமாகக் கொடுத்த இடம் அது. லெட்டர் அடிக்கிறவனுக்கும் சினிமா பார்க்கிறவனுக்கும் அந்த லேப்டாப் போதும், நான் குறை சொல்லவில்லை. இருபதடி பேனரில் நாற்பது தலை ஒட்டுகிறவளுக்கு அது எந்த மூலைக்கு?

ஒன்பது தலை வரைக்கும் தாங்கியது. பத்தாவது தலையைக் கொண்டுவந்து வைத்தால் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். டீ குடித்துவிட்டு வந்தாலும் சுற்றும். துண்டு துண்டாக வேலையைப் பிரித்துப் போட்டு எப்படியோ சமாளித்தாள். ரெண்டு மாதத்தில் இடமும் அடைத்துக்கொண்டது. இன்பராஜுக்குப் போன் போட்டாள்.

"எல்லாத்தையும் கிளவுடுல தள்ளிவிடும்மா," என்றான். "கிளவுடுன்னா மேகம். மேகத்துல இருந்தா பத்திரமா இருக்கும்."

மானாவாரிக்காரன் மகளுக்கு மேகத்தை விற்றிருக்கிறான், அவன் துணிச்சலைப் பாருங்கள். அவளும் நம்பினாள். ஆறு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த தலைகளை எல்லாம் மேகத்துக்கு ஏற்றினாள். அதோடு சேர்த்து அப்பாவின் போட்டோவையும் ஏற்றினாள். லேப்டாப்பில் பெயர் மட்டும்தான் மிஞ்சியது, படமெல்லாம் மேகத்துக்குப் போய்விட்டது.

அந்தப் போட்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேமராவைப் பார்த்தால் சோலை விறைத்துக்கொள்வார். ஊர்க் கல்யாண ஆல்பம் எல்லாவற்றிலும் அடி வாங்கப் போகிற மாதிரிதான் நிற்பார். ஒரு பொங்கலன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றவரை முருகலட்சுமி போட்டோ எடுக்கப் போனபோது, பின்னால் வந்த வெள்ளாடு ஒன்று தோளில் கிடந்த துண்டைக் கவ்வி இழுத்துவிட்டது. மனுஷன் வாய்விட்டுச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து எடுத்துவிட்டாள். செல்போனில் இடம் இல்லாததால், லேப்டாப்பில் ஏற்றின கையோடு செல்லிலிருந்து அழித்தாள். எல்லோரும் செய்கிற வேலைதான்.

வருடம் முடிந்ததும் லேப்டாப்பில் இங்கிலீஷில் ஏதோ வந்து வந்து மறைந்தது. அதற்கும் கடைக்குத்தான் போன் போட்டாள்.

"அதெல்லாம் வெளம்பரம்மா. கேன்சல் குடுத்துட்டு வேலையப் பாரு," என்றான் இன்பராஜ்.

அவன் சொல்லித்தான் கேன்சல் கொடுத்தாள். ஒரு தடவை இல்லை, வந்தபோதெல்லாம் கொடுத்தாள்.

போன வருடம் மாசி மாதம், விடிந்ததும் காட்டுக்குப் போன சோலை வரப்பில் விழுந்து கிடந்தார். தூக்கிக்கொண்டு நரிக்குடி ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது. பத்து மணிக்குள் பந்தல் போட்டாகிவிட்டது. "பேனர் யாருகிட்டக்கா குடுக்கட்டும்?" என்று பங்காளி மகன் மருதுபாண்டி வந்து கேட்டான்.

"எங்கப்பாவுக்கு வேற யாரும் போடக் கூடாது. நான் போடுறேன்," என்றாள் முருகலட்சுமி. மாரடித்து அழுதுகொண்டிருந்தவள் எழுந்து முகத்தைக் கழுவிவிட்டு லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தாள்.

போட்டோவின் பெயர் இருந்தது. 'அப்பா ஆடு' என்று அவள் வைத்த பெயர்தான். அதை அமுக்கினாள். வட்டம் சுற்றியது. மறுபடி அமுக்கினாள். ஒரு மேகத்தின் படமும் அதன் மேல் ஒரு பெருக்கல் குறியும் வந்தன. இடம் காலாவதியாகி மாசக்கணக்காகிவிட்டது, உள்ளே இருந்ததை எல்லாம் அழித்துவிட்டோம் என்று இங்கிலீஷில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். வீட்டுக்குள் பொம்பளைகள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்க, இவள் ஒரு மணி நேரம் அந்தப் பெயரையே அமுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் மருதுபாண்டி அப்பாவின் ஆதார் கார்டை வாங்கிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு வண்டியை எடுத்தான்.

மத்தியானம் பேனர் வந்தது. நகத்தளவு இருந்த போட்டோவைப் பத்தடிக்கு இழுத்திருந்தார்கள். கண் இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டு கறுப்புத் திட்டு, வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு, மற்றதெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து கிடந்தது. ஊர்ச் சாவுக்கெல்லாம் தத்ரூபமாகத் தலை ஒட்டினவளுடைய அப்பா தலை இப்படி ஏறியது. அம்மா சந்தனம்மாள் தலைவிரி கோலமாக வாசலுக்கு வந்தவள், முக்கில் கட்டியிருந்த பேனரை அண்ணாந்து பார்த்தாள்.

"இது யாருடி?" என்று மகளிடம் கேட்டாள்.

முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவள் கேட்டாள். அந்தக் கேள்வி முருகலட்சுமியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இன்று வரைக்கும் அது வெளியே வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இன்பராஜ் கடைக்குப் போனாள். சண்டை போடப் போகவில்லை. அந்தப் போட்டோவை எப்படியாவது எடுத்துத் தர முடியுமா என்று கேட்கத்தான் போனாள். "நீங்க கேன்சல் குடுக்கச் சொன்னீகல்ல அண்ணாச்சி," என்றும் சொன்னாள். அங்கேதான் அவனுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. காலேஜ் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கடையில் நின்றார்கள்.

"லேப்டாப்புல மெமரியெல்லாம் சரியாத்தேன் இருக்கும்மா," என்றான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "வாங்குன ஆளுக்குத்தேன் மெமரி பத்தல."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவன் அடுத்த ஆளைப் பார்த்துத் திரும்பிவிட்டான். முருகலட்சுமி லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். அழவில்லை. உன்னை ஒரு நாள் விடுறேனா பாரு என்று கறுவினாள்.

அன்றிலிருந்து ஒரு வருடம் மூன்று மாதம் கறுவிக்கொண்டே இருந்தாள். இதற்கிடையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பிடித்து, அதில் முப்பத்திரண்டு ஜிபி மெமரி பொருத்தி, தொழிலைத் தூக்கி நிறுத்திவிட்டாள். வீரசோழனிலிருந்தும் நரிக்குடியிலிருந்தும் தேடி வந்தார்கள். வெள்ளி லேப்டாப்பை மட்டும் தூக்கிப் போடவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டு, தூசி துடைத்து வைப்பாள்.

இந்த வைகாசியில் ராஜகுருவிடமிருந்து போன் வந்தது.

"லட்சுமி, பெரிய முகூர்த்தம்மா, அருப்புக்கோட்டையில எந்தப் பிரஸ்ஸுலயும் இடமில்ல. என் டிசைனர் ரெண்டு பேரும் அம்மை போட்டுப் படுத்துட்டாங்க. ஒரு கல்யாண பேனரு, நாப்பத்திமூணு தலை. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள டிசைன் வந்தா நான் ராவோட ராவா ஓட்டிருவேன். முடியுமா?"

"யாரு வீட்டுக் கல்யாணம்ணே?"

"லேப்டாப் கடை இன்பராஜ் அண்ணாச்சி மக பிருந்தா கல்யாணம்."

முருகலட்சுமி வெள்ளி லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"முடியும்ணே. அண்ணாச்சிய நேர்ல வந்து உக்காரச் சொல்லுங்க. தலை வரிசை தப்பிறக் கூடாதுல்ல," என்றாள்.

மறுநாள் காலையில் கார் போட்டுக்கொண்டு திருச்சுழிக்கு வந்தான் இன்பராஜ். கையில் பென்டிரைவும், எந்தத் தலை எங்கே என்று பெண்டாட்டி தங்கச்செல்வி எழுதிக் கொடுத்த தாளும் இருந்தன. உள்ளே வந்து உட்கார்ந்தவன் முருகலட்சுமியை நேருக்கு நேர் பார்த்தான். அடையாளமே தெரியவில்லை அவனுக்கு. அவள் மனதில் கொஞ்சநஞ்சம் ஈரம் இருந்திருந்தால் அந்த நொடியில் அதுவும் காய்ந்துபோனது.

பெரிய கம்ப்யூட்டரின் மேல் ஒரு பெட்ஷீட்டைப் போட்டு மூடி வைத்திருந்தாள். மேசையில் வெள்ளி லேப்டாப் மட்டும் இருந்தது. தான் விற்ற சரக்கையும் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"மேல நடுவுல என் மச்சினன் அசோக்கு. தாய்மாமன்," என்றான். "அவன் மூஞ்சி பெருசா வரணும்மா. ஏற்கெனவே கொஞ்சம் வருத்தத்துல இருக்கான். அடுத்து சம்பந்தி வீடு. ஒரு தலை விடக் கூடாது, ஆமா."

"உங்க தலை அண்ணாச்சி?"

"எனக்கென்ன, ஓரமா ஒரு எடம் போதும்," என்று சொல்லிச் சிரித்தான். பிறகு லேப்டாப்பைப் பார்த்தான். "நாப்பத்திமூணு தலைம்மா. இதுக்குப் பத்துமா?"

அவன் வாயாலேயே கேட்டுவிட்டான். முருகலட்சுமி அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

"பத்தி மிஞ்சும்," என்றாள். "ஊரையே உள்ள போட்டு மூடலாம் அண்ணாச்சி."

அவனுக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "நல்லாப் பேசுதியேம்மா," என்றான்.

இனி அவள் செய்த வேலையைக் கேளுங்கள். மூன்று தலையை மட்டும் முழுத் தெளிவோடு வைத்தாள். பொண்ணு பிருந்தா, மாப்பிள்ளை, இன்பராஜ். சின்னஞ்சிறுசுகள் என்ன பாவம் செய்தார்கள் என்று முதல் ரெண்டு. மூன்றாவது தலையை ஏன் தெளிவாக வைத்தாள் என்று பிறகு தெரியும். மற்ற நாற்பது தலையையும் ஆதார் கார்டு அளவுக்குச் சுருக்கி, சுருக்கினதை மறுபடி இழுத்து ஒட்டினாள். சுருக்கினால் அந்த லேப்டாப் தாங்கும். பதினாலு அங்குலத் திரையில் எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும். இருபதடிக்குப் போனால்தான் உடையும். தலைக்குக் கீழே பெயர்களை மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்தாள். பேனரின் மூலையில் வழக்கமாகப் போடுகிற பிரஸ் பெயரை எடுத்துவிட்டு, 'டிசைன்: முருகலட்சுமி, திருச்சுழி' என்று தன் பெயரையும் போன் நம்பரையும் போட்டாள். ராஜகுரு நல்ல மனுஷர், அவர் பெயர் கெட வேண்டாம்.

இன்பராஜ் திரையைக் கண் குளிரப் பார்த்தான். "மச்சினன் ராசா மாதிரி இருக்கான்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

லட்சுமி அனுப்பினால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்பது ராஜகுருவின் வழக்கம். அன்றும் அப்படித்தான் ஓட்டினார். சுருட்டி, பாளையம்பட்டி மண்டபத்துக்கு அனுப்பி, இருட்டோடு வாசலில் சட்டம் அடித்து ஏற்றிவிட்டார்கள். முருகலட்சுமி வெள்ளி லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினாள். ஏழு மணிக்கு மண்டபத்துக்கு எதிரில் இருந்த டீக்கடையில் நின்றாள்.

வெயில் ஏறி பேனரில் விழுந்தது. நடுவில் பொண்ணும் மாப்பிள்ளையும் மூக்கும் முழியுமாக இருந்தார்கள். ஓரத்தில் இன்பராஜ், மீசையில் ஒவ்வொரு மயிரையும் எண்ணலாம் போல அத்தனை தெளிவு. மற்ற நாற்பது பேருக்கும் பெயர் இருந்தது, மூஞ்சிதான் இல்லை. கண் இருக்க வேண்டிய இடங்களில் கறுப்புத் திட்டுகள் இருந்தன. மேலே நாலடி உயரத்துக்குத் தாய்மாமன் அசோக் கட்டம் கட்டமாகக் கிடந்தார். சம்பந்தி வீட்டார் இறங்கி வந்து, பெயரை வைத்துத் தங்கள் தலையைத் தேடிக் கண்டுபிடித்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

தங்கச்செல்வி பட்டுப்புடவையோடு வெளியே வந்தாள். பேனரை அண்ணாந்து பார்த்தாள். பெயர் அவள் கண்ணில் படுவதற்கு முன்னால் மூஞ்சி பட்டுவிட்டது.

"என்னங்க, மேல நடுவுல, இது யாரு?" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கிற சத்தத்தில் புருஷனிடம் கேட்டாள்.

டீக்கடையில் நின்ற முருகலட்சுமி கிளாஸை வைத்துவிட்டாள். அந்த ரெண்டு சொல்லைக் கேட்கத்தான் அவள் முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். நெஞ்சுக்குள் ஒரு வருடமாக எரிந்தது கொஞ்சம் அணைந்தது.

அப்போது சீர்த் தட்டுகளோடு வந்து இறங்கினார் அசோக். தங்கச்சி கைகாட்டின இடத்தைப் பார்த்தார். பிறகு ஓரத்தில் இருந்த இன்பராஜ் தலையைப் பார்த்தார். அதையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"உங்க மூஞ்சி நல்லா வந்திருக்கு மச்சான்," என்றார்.

வாசலில் நின்ற சொந்தக்காரர் எல்லோருக்கும் அது கேட்டது. எங்களை எல்லாம் பிசைந்து வைத்துவிட்டு உன் மூஞ்சியை மட்டும் பளிச்சென்று போட்டுக்கொண்டாயா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை, எல்லோரும் அவன் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தலையை எதற்குத் தெளிவாக வைத்தாள் என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இன்பராஜ் வேர்த்துப்போய், பேனர் மூலையில் இருந்த நம்பரை அடித்தான். எதிர்ப்பக்கம் முருகலட்சுமியின் கையில் இருந்த செல் அடித்தது. எடுக்காமல் ரோட்டைக் கடந்து நேராக வந்து அவன் முன்னால் நின்றாள்.

"இதென்ன கண்றாவி? எந்தக் கழிசடையில போட்ட இத?" என்று கத்தினான்.

"இதுலதேன் அண்ணாச்சி. நீங்க பக்கத்துல உக்காந்து பாத்தீகளே," என்று பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து நீட்டினாள்.

"இந்த ஓட்டைப் பெட்டிய உனக்கு எந்தத் திருட்டுப்பய வித்தான்?"

"அடியில ஸ்டிக்கர் இருக்கு. வாசிங்க."

அவன் வாங்கவில்லை. அசோக் வாங்கினார். திருப்பிப் பார்த்து, கூட்டம் மொத்தத்துக்கும் கேட்கிற மாதிரி நிதானமாக வாசித்தார். "இன்பராஜ் கம்ப்யூட்டர்ஸ், அருப்புக்கோட்டை." பெட்டியை மறுபடி நிமிர்த்திப் பிடித்து, "இதுல மெமரி எம்புட்டு மச்சான்?" என்று கேட்டார்.

"ஒரு டிபி மாப்ள," என்று பழக்கத்தில் இன்பராஜின் வாயில் வந்துவிட்டது.

"எங்க இருக்கு அண்ணாச்சி அந்த ஒரு டிபி?" என்றாள் முருகலட்சுமி.

"கிளவுடுல," என்றான்.

"என் மகன் தனுஷு காலேஜுக்குப் போறப்ப நீங்க ஒண்ணு குடுத்தீகளே, அதுலயும் இதே ஸ்டிக்கரு, இதே வெள்ளிக் கலரு," என்றார் அசோக். "ஆன்லைன் பரீட்சை பாதியில நின்னுபோச்சுன்னு அவன் வந்து அழுதான். மாமா குடுத்த சாமான் அப்படியெல்லாம் பாதியில நிக்காது, நீதேன் படிக்கலன்னு சொல்லி நான் அவனை அடிச்சேன். தோளுக்கு மேல வளந்த பிள்ளைய கை நீட்டி அடிச்சேன்."

இதை முருகலட்சுமி எதிர்பார்க்கவில்லை. தனக்கு மட்டும்தான் இந்த எரிச்சல் என்று அவள் நினைத்திருந்தாள். இன்பராஜ் மச்சினனைப் பார்க்க முடியாமல் அவள் பக்கம் திரும்பினான்.

"யாரும்மா நீ? நான் உனக்கு என்ன செஞ்சேன்? கல்யாண வீட்டுல வந்து இப்படி..."

"நெனப்பில்லையா?" என்றாள் முருகலட்சுமி. "உங்களுக்கு மெமரி பத்தல அண்ணாச்சி."

அவன் முகத்தில் ஏதோ அசைந்தது. கடை, காலேஜ் பிள்ளைகள், அந்தச் சிரிப்பு எல்லாம் அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"எங்கப்பா பேரு சோலை. டிபின்னா நோவுல்லன்னு உங்க கடையில கேட்டாரே, அவருதேன். சிரிச்ச மொகமா ஒரே ஒரு போட்டோ இருந்துச்சு. மேகத்துல போடு, பத்திரமா இருக்கும்னு சொன்னீக, போட்டேன். கேன்சல் குடுன்னீக, குடுத்தேன். அவரு செத்த அன்னைக்கு பேனருல அவரு மூஞ்சி இப்படித்தேன் இருந்துச்சு. எங்கம்மா வந்து இது யாருன்னு கேட்டா." மேலே கிடந்த அசோக்கின் தலையைக் கைகாட்டினாள். "மேகத்துல இருந்து எங்கப்பா மூஞ்சிய எறக்கிக் குடுங்க. நாப்பது மூஞ்சியையும் இப்பவே நான் பளிச்சுன்னு ஏத்தித் தாரேன்."

"அதெல்லாம் அழிஞ்சிருக்கும்மா. அழிஞ்சத எப்படி எடுக்க முடியும்?"

"அழிஞ்சது எனக்குத் தெரியும். அத உங்க வாயால சொல்லணும், நாலு பேரு கேக்கணும். அதுக்குத்தேன் வந்தேன்."

அசோக் லேப்டாப்பைக் கொண்டுபோய் இன்பராஜின் கையில் வைத்தார். "சீரைச் செஞ்சிட்டுப் போறேன். அது என் தங்கச்சி மகளுக்கு. உங்க வீட்டுல கை நனைக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டுத் தட்டுகளோடு உள்ளே போனார். சொன்ன மாதிரியே தாலி கட்டினதும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். அவர் பின்னாலேயே பந்தியில் உட்கார்ந்திருந்த பாதிப் பேர் எழுந்து போனார்கள். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, கையில் அந்த ஓட்டை லேப்டாப்போடு நின்ற இன்பராஜைத் தாண்டித்தான் அத்தனை பேரும் போனார்கள்.

முருகலட்சுமி அதற்கெல்லாம் நிற்கவில்லை. பேனரைச் செல்லில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வழியில் ராஜகுரு போன் போட்டு, "என்ன லட்சுமி இப்படிச் செஞ்சிட்ட?" என்று கேட்டார். "என் பேரத்தேண்ணே போட்டிருக்கேன். யாரு கேட்டாலும் என்னையக் கைகாட்டுங்க," என்றாள். வயிறு குளிர்ந்துதான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

வீட்டில் சந்தனம்மாள் மல்லி புடைத்துக்கொண்டிருந்தாள். "அந்த வெள்ளைப் பொட்டிய எங்கடி?" என்று கேட்டாள்.

"வாங்குன எடத்துலயே குடுத்துட்டேன்," என்று சொல்லிவிட்டு, செல்லை அம்மாவிடம் நீட்டினாள் முருகலட்சுமி. அம்மாவும் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தாள்.

சந்தனம்மாளுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. முறத்தை வைத்துவிட்டு, ரெண்டு விரலால் படத்தை அகட்டி அகட்டிப் பார்த்தாள். கறுப்புத் திட்டுக் கண்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனாள். அப்படிப்பட்ட மூஞ்சியை அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு பேனரில்தான் பார்த்திருக்கிறாள். அவள் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

"இம்புட்டுப் பேருமாடி செத்துப்போனாக?" என்று கேட்டாள்.

"இல்லம்மா," என்றாள் முருகலட்சுமி. "கல்யாணம்."